ஆறு நாள் வரவு

திருநெல்வேலிச் சீமையில் எந்தச் சேகரத்துக்குப் போனாலும் இந்த அண்ணாச்சியைப் பார்க்கலாம். கோயிலில் இரண்டாம் வரிசை, நடைபாதையை ஒட்டிய இடம். எட்டு மணி ஆராதனைக்கு ஏழே முக்காலுக்கே வந்து உட்கார்ந்துவிடுவார். எட்டு மூன்றுக்கு நுழைகிறவர்களைத் திரும்பிப் பார்க்க ஒரு ஆள் வேண்டாமா? இந்த அண்ணாச்சிமாரில் பாதிப்பேர் தணிக்கைத் துறையில் ஓய்வு பெற்றவர்கள். மீதிப்பேர் அதில் சேர்ந்திருக்க வேண்டியவர்கள்.

பாவ அறிக்கை ஜெபத்தில் ஐயர் வாய் தவறி ஒரு வரியை விட்டுவிட்டால், அண்ணாச்சிக்கு அன்று மன்னிப்பு முழுசாக வந்து சேர்ந்த திருப்தி இராது. வாசலில் கைகுலுக்கும்போது, “இன்னைக்கு ஒரு வரி கொறஞ்சுட்டேய்யா” என்பார்.

அவர் வீட்டம்மாவுக்கு ஓய்வுநாள் சனிக்கிழமை மாலையே தொடங்கிவிடும். ஞாயிற்றுக்கிழமை அரிவாள்மனையைத் தொடக்கூடாது என்பதால், வெங்காயம் உரித்து, தேங்காய் துருவி, மறுநாள் ஓய்வுக்கான வேலை எல்லாம் முடிய இரவு பதினொன்றாகும். கடையில் எதுவும் வாங்கவும் கூடாது. சீனி தீர்ந்துபோனால் பக்கத்து வீட்டில் கைமாற்றாக வாங்கிக்கொள்ளலாம். அவர்கள் அதை அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் கடையில் வாங்கினார்கள் என்றால், அது அவர்கள் ஆத்துமாவின் பாடு.

தசமபாகத்தைப் பென்ஷனில் பிடித்தம் போவதற்கு முந்தைய தொகைக்கே கொடுக்கிறார், பைசா சுத்தமாக. அதை மெச்சத்தான் வேண்டும். வெந்தயத்துக்கும் சீரகத்துக்கும் கூடப் பத்தில் ஒன்று கொடுத்துவிட்டு இரக்கத்தை மறந்தவர்களை இயேசு கடிந்துகொள்வது மத்தேயு 23-இல் வருகிறது. பிரசங்கத்தில் கேட்ட அன்றே அந்த இடத்தைச் சிவப்பு மையால் அடிக்கோடிட்டு, ஓரத்தில் தம்பியின் பெயரையும் எழுதி வைத்துவிட்டார். வரப்புத் தகராறில் தம்பியோடு பேச்சு இல்லை.

வேதத்தில் மொத்தம் 1189 அதிகாரங்கள். தினம் மூன்று, ஞாயிற்றுக்கிழமை ஐந்து என்று வாசித்தால் வருஷத்துக்குள் முடிந்துவிடும். ஆனால் பிப்ரவரியில், எண்ணாகமத்துக்கு வரும்போது, ஒரு காய்ச்சலோ கல்யாண வீடோ குறுக்கே வந்து ஒருநாள் விட்டுப்போகும். விட்டதை மறுநாள் சேர்த்து வாசிப்பது அண்ணாச்சி அகராதியில் கள்ளக்கணக்கு. ஆகவே அந்த வருஷம் தள்ளுபடி. அடுத்த ஜனவரி முதல் தேதி மறுபடி ஆதியாகமம். நோவாவின் பேழை எத்தனை முழம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். பவுலோடுதான் இன்னும் பழக்கமாகவில்லை.

லெந்து நாட்களில்தான் அவருடைய முழுத் திறமையும் வெளியே வரும். கறி, மீன், முட்டை எதுவும் கிடையாது. யாராவது முதலூர் மஸ்கோத் அல்வா கொண்டுவந்தால் கவலையில்லை: தேங்காய்ப்பால், மைதா, சீனி; வழக்குக்கே இடமில்லை. இந்தத் தடவை மருமகள் தூத்துக்குடியிலிருந்து மக்ரூன் டப்பாவோடு வந்து இறங்கினாள்.

“இதுல முட்டை உண்டாம்மா?”

“மஞ்சக்கரு கெடையாது மாமா. வெள்ளைக்கருவும் முந்திரியும் சீனியும்தான்.”

அண்ணாச்சி ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தட்டிப் பார்த்தார். முகர்ந்து பார்த்தார். முட்டையில் பாதி என்றால் பாவத்திலும் பாதியா? இரவு ஒன்பதரைக்கு ஐயருக்குப் போன் போட்டார்.

பகலில் இரண்டு அடக்க ஆராதனை நடத்திவிட்டு அப்போதுதான் சாப்பாட்டில் கைவைத்திருந்தார் ஐயர். ஆனாலும் பொறுமையாகச் சொன்னார்: “சாம்பல் புதன்லேருந்து ஈஸ்டருக்கு முந்தின சனி வரை எண்ணுனா 46 நாள் வரும் அண்ணாச்சி. ஆறு ஞாயித்துக்கிழமைய கழிச்சாத்தான் 40. ஞாயித்துக்கிழமை சாப்பிடுங்களேன்.”

மறுமுனையில் நெடுநேரம் சத்தமில்லை.

“அப்படின்னா நான் வருஷா வருஷம் ஆறு நாள் கூடுதலா இருந்திருக்கேனே? அது எந்தக் கணக்குலய்யா வரவு?”

இதற்குள் பேரன் மக்ரூன் டப்பாவைக் காலி செய்து, தூளையும் விரலால் தொட்டு நக்கிக்கொண்டிருந்தான்.

“அண்ணாச்சி,” என்றார் ஐயர், “கலாத்தியர் நிருபத்த ஒருதரம் வாசிச்சுப் பாருங்களேன். ஆறே அதிகாரந்தான்.”

“வாசிக்கலாம்யா. ஆனா கணக்குப்படி அது நவம்பர் கடைசிலதான வருது?”