இதுக்கு ஒரு ஹெட் இருக்கு

தேர்தலில் நிற்கமாட்டார். நகராட்சிச் சம்பளமும் கிடையாது. ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் காலை பத்தரை மணிக்குப் பொறியியல் பிரிவின் ஜன்னலோர ஸ்டூலில் அவர் உட்கார்ந்திருக்கவில்லை என்றால் அன்று ஞாயிற்றுக்கிழமை. கமிஷனர்கள் வருகிறார்கள், மாற்றலாகிப் போகிறார்கள். ஸ்டூல் அங்கேயேதான் இருக்கிறது. எங்கள் ஊரில் அவருக்கு ‘ஃபண்டு சார்’ என்று பெயர். உங்கள் ஊரில் வேறு பெயர் இருக்கும்.

சாக்கடை பொங்கினால் நானும் நீங்களும் மூக்கைப் பிடிப்போம். ஃபண்டு சார் கண்ணை மூடுவார். அரை நிமிஷம் உதடு மட்டும் அசையும். பிறகு திருவாய் மலரும்: “இதுக்கு ஒரு ஹெட் இருக்கு.”

எந்தக் கணக்குத் தலைப்பில் பணம் வரும் என்பதுதான் ஹெட். மரம் விழுந்தால், நாய் கடித்தால், பள்ளிக்கூடச் சுவர் சாய்ந்தால், அவர் முதலில் தேடுவது அதைத்தான். ஹெட் இருந்தால் அது பிரச்சினை. இல்லாவிட்டால் விதி.

ஒருநாள் டீக்கடைக்காரர், நாலு நாளாகக் குடிதண்ணீர் வரவில்லை என்று முறையிட்டார். கண் மூடியது, திறந்தது. “பதினஞ்சாவது நிதிக்குழுப் பணத்துல நூத்துக்கு அறுபது டைடு. இஷ்டத்துக்குத் தொட முடியாது. அதுல பாதி தண்ணிக்கு, பாதி சுகாதாரத்துக்கு. தண்ணிப் பங்கு காலி. இதையே கழிவுநீர்னு எழுதிக் குடுங்க, சுகாதாரத்துல பாத்துக்கலாம்.” குடிக்கிற தண்ணீரைக் கழிவுநீர் என்று எழுதிக் கொடுக்க டீக்கடைக்காரருக்கு மனசு வரவில்லை. ஒத்துழைப்பு இல்லாத ஜனங்கள் என்று இன்றுவரை ஃபண்டு சாருக்கு வருத்தம்.

என் பெரியப்பா காலமானது ஐப்பசி அடைமழையில். மயானக் கொட்டகைக் கூரை ஒழுகுகிறது. அண்ணன் கொள்ளிச்சட்டியோடு நனைந்துகொண்டு நிற்கிறான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஃபண்டு சார் முன்னால் வந்தார். வாய்க்கரிசி போடத்தான் வருகிறார் என்று எல்லாரும் வழிவிட்டோம். அவர் அண்ணாந்து தகரத்தைப் பார்த்தார். “தம்பி, எரிமேடைக்கு ஹெட் இருக்கு. ஆனா வெறும் கூரைன்னு கேட்டா திருப்பி அனுப்பிடுவாங்க. காத்திருப்போர் கூடம், ஹைமாஸ் விளக்கு, சுத்திலும் பேவர் பிளாக், எல்லாம் சேத்து ஒரு பேக்கேஜாக் கேக்கணும்” என்றார். அண்ணன் சட்டியை ஒரு கையிலிருந்து மறுகைக்கு மாற்றிக்கொண்டு, “சரிங்க சார்” என்றான். வேறென்ன சொல்ல முடியும்?

ஆனால் அவருடைய வாழ்நாள் படைப்பு என்றால் ஊர் நடுவே இருக்கும் குளம்தான். குளத்தை யாரும் தூர்வாரவில்லை; ஃபைலைத்தான் வாரிக்கொண்டே இருக்கிறார். 2005 டிசம்பரில் சிறிய, நடுத்தர நகரங்களுக்காக யு.ஐ.டி.எஸ்.எஸ்.எம்.டி. என்ற திட்டம் வந்தது. மத்திய அரசு 80 பங்கு, மாநிலம் 10, நகராட்சி 10. அதில் எங்கள் குளம் ‘மழைநீர் வடிகால் கட்டமைப்பு’ என்று போய், பேசாமல் திரும்பி வந்தது. 2015 ஜூன் 25 அன்று ஸ்மார்ட் சிட்டி, அம்ருத் என்ற இரண்டு திட்டங்களையும் ஒரே நாளில் தொடங்கினார்கள். அம்ருத்தில் பூங்காவுக்கென்று இரண்டரை சதவீதம் வரை தருவார்களாம். உடனே குளம் ‘பசுமைவெளி’ ஆனது. அட்டை மாறி, மன்றத் தீர்மானமும் ஆன பிறகுதான் தெரிந்தது, ஊரில் ஒரு லட்சம் பேராவது இருக்கவேண்டும் என்று. 2011 கணக்கெடுப்பில் நாங்கள் அதைத் தொடவில்லை. அன்றுமுதல் ஊரில் யார் வீட்டில் குழந்தை பிறந்தாலும் முதல் ஆளாகப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார். 2021-இல் நடக்கவேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதில் இந்த நாட்டிலேயே அதிகம் நொந்துபோனவர் அவராகத்தான் இருக்கவேண்டும்.

அதே 2021-இல் நமக்கு நாமே திட்டம் நகரங்களுக்குத் திரும்ப வந்தது. பொதுமக்கள் மூன்றில் ஒரு பங்கு போட்டால் மீதியை அரசு தரும்; நீர்நிலை என்றால் பாதிக்குப் பாதி. பதினைந்து வருஷம் கழித்து எங்கள் குளம் முதன்முறையாகக் குளம் என்ற சொந்தப் பெயரில் விண்ணப்பித்தது. பாதிப் பணம் வசூலாகுமா? ஆகவில்லை. அந்த வருஷம் அக்டோபரில் வந்திருந்த அம்ருத் 2.0-இல் மக்கள்தொகை வரம்பும் இல்லை. ஃபைல் மறுபடி மேசைக்கு வந்தது. அத்தனை அறிக்கையிலும் ‘தற்போதைய நிலை’ என்ற தலைப்பின் கீழ் ஒரே படம்தான். கலங்கிய நீரில் கழுத்தளவு மூழ்கி, கேமராவை முறைத்துப் பார்க்கும் ஓர் எருமை. அது செத்து எத்தனையோ காலமாகிறது. அரசு ஆவணங்களில் மட்டும் இன்னும் குளித்துக்கொண்டிருக்கிறது.

ஸ்மார்ட் சிட்டி என்று யாராவது சொல்லிவிட்டால் போதும், குரல் தழுதழுக்கும். ஊர்கள் பரீட்சை எழுதிப் பணம் வாங்கிய கதை அது. 2016 ஜனவரியில் முதல் சுற்றில் தேறிய 20 நகரங்களில் சென்னையும் கோவையும் இருந்தன. போகப்போகத் தமிழ்நாட்டில் மொத்தம் 11. ஒவ்வொன்றுக்கும் ஐந்து வருஷத்தில் மத்திய அரசிடமிருந்து 500 கோடி, அதற்கு ஈடாக மாநிலத்திலிருந்தும் அதே அளவு. கூடப் படித்தவர்கள் கலெக்டரான கதையைச் சொல்வதுபோல, அந்தப் பதினொன்றையும் வரிசையாகச் சொல்வார். வேலூரும் ஈரோடும் வரும்போது மட்டும் பெருமூச்சு கொஞ்சம் நீளும்.

அவரைத் திட்டிக்கொண்டே இருக்கவும் முடியவில்லை. யு.சி. என்கிற பயன்பாட்டுச் சான்று ஒழுங்காகப் போகாமல் அடுத்த தவணை நின்றுபோன ஊர்களை எனக்குத் தெரியும். எங்கள் ஊரில் அப்படி நின்றதில்லை. ராத்திரி பஸ்ஸில் சொந்தச் செலவில் சென்னை போய், பல் தேய்த்த கையோடு இயக்குநரகத்தின் வாசலில் நின்று, எந்த மேசையில் ஃபைல் தூங்குகிறது என்று கண்டுபிடித்து எழுப்பிவிட்டு, அன்று ராத்திரியே திரும்புகிறவர் அவர். ஒரு காசு வாங்கியதாக விரோதிகூடச் சொன்னதில்லை. மழைக்கு ஒதுங்க அரசுப் பள்ளியில் நாலு வகுப்பறை இருக்கிறதென்றால் அது அந்த ஸ்டூலின் புண்ணியம்.

ஆனால் பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறையைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. தூய்மை இந்தியா காலத்தில் கட்டியது. டைல்ஸ், சாய்வுதளம், வாசலில் காந்திக் கண்ணாடி எல்லாம் உண்டு. மோட்டார் எரிந்துபோனது. பூட்டிவிட்டார்கள். இரண்டு கோடையாகப் பூட்டு தொங்குகிறது. பூ விற்கிற அம்மாக்கள் காலையிலிருந்து சாயங்காலம் வரை தண்ணீர் குடிப்பதில்லை. குடித்தால் எங்கே போவது? டெல்லியிலிருந்து வரும் திட்டப் பணம் பெரும்பாலும் கட்டுவதற்குத்தான். கட்டியதைக் கழுவ, காயில் கட்ட, காவலுக்கு ஆள் போட ஊர்தான் சொந்த வருமானத்தில் தேடவேண்டும். அந்த வருமானமோ சம்பளம், பென்ஷன், மின்கட்டணம் என்று கரைந்துவிடுகிறது. 2022 ஏப்ரலில் சொத்து வரியை உயர்த்தியபோது, நிதிக்குழு மானியம் வரவேண்டுமானால் உயர்த்தித்தான் ஆகவேண்டும் என்றார்கள். உயர்த்தினார்கள், கட்டினோம். எனக்கு ஸ்மார்ட்டும் வேண்டாம், பசுமைவெளியும் வேண்டாம். அந்தப் பூட்டைத் திறந்துவிட்டால் போதும்.

இதைத்தான் அவரிடம் கேட்டேன். கண்ணை மூடினார். வழக்கமான அரை நிமிஷம் போய், முழு நிமிஷமும் ஆயிற்று.

“மோட்டார் ரிப்பேருக்கு ஹெட் இல்ல தம்பி.”

“சரி சார், விடுங்க. கடைக்காரங்ககிட்ட வசூல் பண்ணி நாங்களே காயில் கட்டிக்கிறோம்.”

‘வசூல்’ என்ற சொல் காதில் விழுந்ததும் கண் படக்கென்று திறந்தது. “வசூலா? அடடே! மக்கள் பங்களிப்புன்னா நமக்கு நாமேல வருமே!” ஜோப்பிலிருந்து பேனா வந்தது. டீக்கடை பில்லின் பின்பக்கம் எஸ்டிமேட் ஏறத் தொடங்கியது. கழிப்பறை நவீனமயமாக்கல். புது மோட்டார். அதற்கு ஓர் அறை. அறைக்குப் போக பேவர் பிளாக் பாதை. பாதைக்கு ஹைமாஸ் விளக்கு. நன்கொடையாளர் பெயர்ப் பலகை, கருப்புக் கிரானைட்டில். மூவாயிரம் ரூபாய்க் காயில் என் கண்ணெதிரே ஒன்பது லட்சமாக வளர்ந்து நின்றது.

“மூணுல ஒரு பங்குன்னா மூணு லட்சம். நீங்க தலைமை ஏத்துக்கங்க” என்றவர், பேனாவை உயர்த்திப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “பலகையில உங்க இனிஷியல் தமிழ்லயா, இங்கிலீஷ்லயா?”