அடங்காத பிளாஸ்மாவும் ஓடுகாலி எலெக்ட்ரான்களும்

1951 மார்ச்சில் அர்ஜென்டினா அதிபர் பெரோன் பத்திரிகைக்காரர்களைக் கூப்பிட்டு, சூரியனையே எங்கள் ஆள் அடக்கிவிட்டார் என்றார். ஆள் பெயர் ரிக்டர். இனி மின்சக்தியைப் பால் மாதிரி அரை லிட்டர், ஒரு லிட்டர் பாட்டிலில் வாங்கலாமாம். மறு வருஷம் விசாரணைக் குழு, ரிக்டரின் ஆய்வுக்கூடம் இருந்த ஹுவெமுல் தீவுக்குப் போய்ப் பார்த்தது. கட்டடம் இருந்தது, கருவிகள் இருந்தன, சூரியனைத்தான் காணோம்.

ரஷ்யாவில் கதை இன்னும் ருசி. சகாலின் தீவில் பட்டாளத்தில் கிடந்த லாவ்ரென்டியெவ் என்ற பையன், சூரியனை எரிய வைக்கும் அணு இணைவை அடக்க எனக்கு வழி தெரியும் என்று 1950-ல் மேலிடத்துக்குக் கடிதம் போட்டான். நம் தாலுகா ஆபீஸாக இருந்தால் அந்த மனு இன்றைக்கும் பரிசீலனையில் இருக்கும். அங்கே அது இயற்பியலாளர் சகாரோவின் மேசைக்குப் போனது. பையன் சொன்ன வழி தேறாது என்று அவருக்குப் புரிந்தது. கூடவே, காந்தத்தால் கட்டிப்போட்டால் என்ன என்றும் தோன்றியது. தாம் என்ற இன்னொரு இயற்பியலாளரும் சகாரோவும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் பிறந்ததுதான் டோகமாக் என்ற வளைய வடிவக் காந்தக் கூண்டு.

நம் ஹோமி பாபாவும் சளைத்தவரல்ல. 1955-ல் ஜெனீவா மாநாட்டுத் தலைமை நாற்காலியிலிருந்து, இருபது ஆண்டுகளுக்குள் இணைவை அடக்க வழி கண்டுபிடித்துவிடுவார்கள் என்றார். காலம் ஓடியது. ஓசூருக்குச் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது, லேலண்டு வந்தது, டைட்டன் வந்தது. சூரியன் மட்டும் வரவில்லை. ஆனால் அடக்காமல் வெடிக்கவிடும் வித்தை வல்லரசுகளுக்கு முன்பே கைவந்திருந்தது. ஓசூர் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி 83 வயதில் வாஷிங்டன் வரை போய், அந்த அணுகுண்டுச் சோதனைகளை நிறுத்தச் சொல்லிக் கென்னடியிடம் வாதாட வேண்டியிருந்தது.

அடக்குவதில் என்ன சிக்கல்? வளையத்துக்குள் லட்சக்கணக்கான ஆம்பியர் மின்னோட்டத்தோடு பிளாஸ்மா என்ற அதிசூடான மின்னேற்ற வாயு சுற்றுகிறது. திடீரென்று அதற்குக் கிறுக்குப் பிடிக்கும். சூடு சுவருக்குப் போய்விடும், மின்தடை எகிறும், மின்னோட்டம் சில மில்லி விநாடிகளில் சரியும். அந்தச் சரிவே ஒரு பெரிய மின்னழுத்தத்தைக் கிளப்பிவிடும். அதில் மாட்டிய எலெக்ட்ரான், தொப்பூர் கணவாயில் பிரேக் போன லாரிதான். லாரியாவது காற்றுத் தடைக்குக் கொஞ்சம் மரியாதை கொடுக்கும். எலெக்ட்ரானோ வேகம் கூடக்கூட மற்றவற்றோடு மோதுவது குறைந்து, ஒளிவேகத்தை நெருங்கிவிடும். போகிற வழியில் இன்னும் நாலு பேரைத் தட்டிக் கூட்டுச் சேர்த்துக்கொள்ளும். இடிமேகத்தில் எலெக்ட்ரான் இப்படிப் பிய்த்துக்கொண்டு ஓடும் என்று வில்சன் 1925-லேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தில் இருந்த ஜெட் என்ற டோகமாக்கில் பெரிலியம் சுவரையே உருக்கின இந்த ஓடுகாலி எலெக்ட்ரான்கள்.

பெரிய இடங்களில் வாய்ச்சவடால் நடந்த காலத்தில், காந்திநகர் பக்கம் பிளாஸ்மா ஆராய்ச்சி நிறுவனத்தில் 1989-ல் ஆதித்யா என்ற டோகமாக் ஓடத் தொடங்கியது. வளையத்தின் ஆரம் முக்கால் மீட்டர்தான். பெயர் மட்டும் சூரியன்! ஆனால் அங்கே செய்த வேலையில் ஒரு நேர்மை இருந்தது. பிளாஸ்மா எப்போது சண்டித்தனம் பண்ணும் என்று காத்திருக்கவில்லை. ஹைட்ரஜன் வாயுவை வேண்டுமென்றே உள்ளே ஊதி, வம்புக்கிழுத்தார்கள். அது உடையப்போகிற நேரத்தில் ஓரத்தில் செருகிய மின்முனைக்கு அழுத்தம் கொடுத்தார்கள். பிளாஸ்மாவின் அடுக்குகள் வெவ்வேறு வேகத்தில் சுழன்றன. பிளாஸ்மாவுக்குள் முளைக்கும் காந்தத் தீவுகள் ஒன்றோடொன்று கைகோக்க முடியாமல் போயிற்று. உடையவேண்டியது பிழைத்தது. ரேடியோ அலையை ஊட்டியும் இதையே சாதித்தார்கள். ஓடுகாலிகளுக்குத் தனி வைத்தியம்: ஓரிடத்தில் மட்டும் செங்குத்தாய்ச் சின்னதொரு காந்தப்புலம். கொழுக்கும் முன்பே பாதை பிசகி வெளியே விழுந்தன. 2015-ல் சர்வதேச ஆய்விதழில் வந்தது இது. நம் செய்தித்தாள்களுக்கு அன்றைக்கு வேறு அவசரம் இருந்திருக்கும்.

பிரான்ஸில் எழும் பன்னாட்டு டோகமாக்கான ஈட்டர் 15 மெகா ஆம்பியர் ராட்சதன். இந்தியாவும் பங்காளி, அதன் 3,850 டன் குளிர்க்கூட்டை ஹஜிராவில் எல் அண்டு டி செய்து கொடுத்தது. ஈட்டரில் வைத்தியம் வேறு. உறைந்த ஹைட்ரஜன், நியான் குண்டுகளைச் சுட்டு, வாசலிலேயே சிதறடித்து, தூளாய் உள்ளே பாய்ச்சுவார்கள். சூரியன் முகத்தில் ஐஸ் தூவி மயக்கம் தெளிவிக்கிற கதை. அதற்கென்றே 2018-ல் ஒரு பணிக்குழுவும் போட்டாயிற்று. இயந்திரம் எப்போது ஓடும் என்றால், முதலில் 2016 என்றார்கள், பிறகு 2020, பிறகு 2025. இப்போதைக்கு 2034.