பனங்கட்டி சீனியில்லை

எனக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்து பதினொரு வருடமாகிறது. தெரிந்த அன்றைக்கே சீனியை விட்டுவிட்டேன். நெடுந்தீவில் யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். கலியாணவீடோ செத்தவீடோ, தேத்தண்ணி வந்தால், "எனக்குச் சீனி போடாதேங்கோ" என்று நாலு பேருக்குக் கேட்கச் சொல்லி, வெறுந் தேத்தண்ணியாக வாங்கி, சட்டைப் பையிலிருந்து ஒரு துண்டுப் பனங்கட்டியை எடுத்துக் கடித்துக்கொண்டு குடிப்பேன்.

டொக்டர் விடச் சொன்னது சீனியை. பனங்கட்டியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை, நானும் கிளறவில்லை. பனைக்குக் கீழே பிறந்து வளர்ந்தவன், கருப்பநீர் காய்ச்சி ஓலைக் குட்டானில் வார்த்த பொருளைச் சந்தேகப்படலாமா? அதிலும் மிகப் பெரும்பங்கு சுக்குரோசுதான், உடம்புக்குள் போனபின் இது குட்டானில் வந்ததா சாக்கில் வந்ததா என்று இரத்தம் கேட்பதில்லை என்பதெல்லாம் பிறகு படித்த பாடம்.

நோயாளி என்று ஒருவன் வீட்டில் இருந்தால் ஊரே வைத்தியராகிவிடும். ஆவரசம்பூ அவித்துக் குடி என்றார் ஒருவர். பாகற்காய்ச் சாறு என்றார் இன்னொருவர். அவர் தானும் சீனி வருத்தக்காரர், ஆனால் குடிப்பதில்லையாம். கனடாவிலிருந்து மைத்துனர் ஒவ்வொரு ஞாயிறும் போன் எடுப்பார். 1921இல் பான்ரிங்கும் பெஸ்ற்றும் இன்சுலினைக் கண்டுபிடித்தது அவர் இருக்கிற அதே ரொறன்ரோவில்தான். அடுத்த வருடம் ஜனவரியில் சாகக்கிடந்த 14 வயதுப் பெடியனுக்கு முதன்முதலில் அதை ஏற்றியதும் அங்கேதான். அந்தப் பட்டினத்தில் முப்பது வருடம் குளிரில் நின்ற என் மைத்துனர் கண்டுபிடித்துச் சொன்னது, இரவில் ஊறவைத்த வெண்டிக்காய்த் தண்ணீர். ஒரு கிழமை குடித்தேன். மூக்குச்சளியைக் குடித்தது போல இருந்தது. சீனி குறையவில்லை, மைத்துனரில் இருந்த மரியாதை குறைந்தது.

மனைவியின் வைத்தியம் வேறு. சோற்றைக் கோப்பையால் அளப்பாள். இரவில் குரக்கன் புட்டு. குரக்கன் நல்லது என்று அவள் சொன்னதை நான் முழுமனதாக நம்பி, நல்லதுதானே என்று இரண்டு மடங்கு சாப்பிட்டேன். குரக்கனும் மாச்சத்துத்தான், அளவுதான் காரியம் என்று அவள் பின்னால் சொன்ன பாதியை என் காது எடுக்கவில்லை. சீனி காதையும் பாதிக்கும் போல.

கிளினிக்கைச் சமாளிக்க எனக்கென்று ஒரு முறை இருந்தது. கந்தசட்டிக்கு ஆறு நாள் விரதம் பிடித்தவனுக்கு, மாதத்தில் மூன்று நாள் என்ன பெரிய காரியம்? கிளினிக்குக்கு முந்தின மூன்று நாளும் நான் மகாத்மா. குளிசை நேரத்துக்கு, நடை இரண்டு வேளை, பனங்கட்டி கண்ணிலும் படாது. வெறுவயிற்றில் இரத்தம் எடுத்தால் 112 என்று வரும். "ஐயாவைப் பாருங்கோ" என்று மிஸி மற்றவர்களுக்கு என்னைக் காட்டுவா. நானும் கிளினிக் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு தலையைச் சற்றுக் குனிந்து நிற்பேன்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில், கண்ணையும் பார்த்து மூன்று மாத இரத்தப் பரிசோதனையும் செய்துவர யாழ்ப்பாணத்துக்குத் துண்டு தந்தார்கள். விடிய நானும் மனைவியும் மாவிலித்துறையில் படகு ஏறினோம். குறிகட்டுவானுக்கு ஒரு மணித்தியாலம், அங்கிருந்து பஸ்ஸில் புங்குடுதீவு, வேலணை, பண்ணைப் பாலம். வெறுவயிறு. இரத்தம் கொடுத்துச் சாப்பிட்ட பிறகுதான் குளிசை என்று கொப்பியிலேயே எழுதியிருந்தது. நான்தான் மகாத்மாவாயிற்றே, விடியவே போட்டுவிட்டேன். கிளிக்லசைட் என்கிற அந்தக் குளிசை சதையியைப் பிடித்து உலுக்கி இன்சுலினைச் சுரக்கச் செய்வது. வயிற்றில் ஒன்றும் இல்லாவிட்டால் இருக்கிற சீனியும் இறங்கிவிடும்.

நடுக்கடலில் வேர்க்கத் தொடங்கியது. கை நடுங்கியது. நெஞ்சு படபடவென்று அடித்தது. முன்னால் இருந்த மரக்கறிச் சாக்கு இரண்டாகத் தெரிந்தது. "பிறசர்" என்றார் ஒருவர். "வாய்வு" என்றார் அடுத்தவர். மூன்றாமவர் ஒன்றும் சொல்லாமல் சித்தாலேபையை எடுத்து என் நெற்றியில் தேய்த்தார், கண்ணுக்குள்ளும் கொஞ்சம். 1990க்கு அடித்தால் அம்புலன்ஸ் வரும் என்று ஒரு பெடியன் போனை எடுத்தான். 2018இலிருந்து யாழ்ப்பாணத்தில் ஓடுகிற நல்ல சேவைதான், கடலில் ஓடாது.

கிளினிக்கில் சுகாதார வகுப்பு நடக்கும்போது நான் நித்திரை, மனைவி கேட்டுக்கொண்டிருந்தவள். "ஆரிட்டையாவது சீனி இருக்கோ?" என்று கத்தினாள். படகில் அரைவாசிப் பேரிடம் சீனி இருந்தது, என்னைப்போல இரத்தத்தில். கையில் ஒருவரிடமும் இல்லை.

அப்போது என் வலது கை என்னைக் கேளாமலே சட்டைப் பைக்குள் போனது. கடதாசியில் சுற்றிய பனங்கட்டி, பாக்களவில் இரண்டு துண்டு. வாயில் போட்டேன். ஒரு கால் மணித்தியாலத்தில் வேர்வை அடங்கி, மரக்கறிச் சாக்கு ஒன்றானது.

மனைவி கண்ணைத் துடைத்தாள். பிறகு கடதாசியைப் பார்த்தாள்.

"உது எங்கால?"

"பனங்கட்டி சீனியில்லையப்பா."

"சீனியில்லையெண்டால் இப்ப எப்பிடி எழும்பியிருக்கிறியள்?"

படகு முழுக்கச் சிரித்தது. சித்தாலேபைக்காரரும் சிரித்தார். பதினொரு வருடமாக நான் கட்டிக்காத்த வாதம் குறிகட்டுவான் போய்ச் சேரவில்லை.

யாழ்ப்பாணத்தில் மிச்சமும் போயிற்று. வெறுவயிற்றுப் பரிசோதனை அன்றைக்கு இல்லையென்றாகிவிட்டது, வயிற்றில்தான் பனங்கட்டி இருக்கிறதே. மூன்று மாதக் கணக்குக்குப் பட்டினி தேவையில்லை. இரத்தத்திலுள்ள செங்கலம் ஏறத்தாழ 120 நாள் உயிரோடிருக்குமாம். அவ்வளவு நாளும் நாம் தின்ற சீனி அதில் ஒட்டிக்கொண்டே போகுமாம். 7க்குக் கிட்ட இருக்கவேண்டியது எனக்கு 9.4. "ஐயா, மூண்டு நாள் விரதமெல்லாம் இதிலை விழாது" என்றா அங்கிருந்த மிஸி, நான் ஒன்றும் சொல்லாமலே.

இப்போது குட்டான் மனைவியின் அலுமாரியில், திறப்பு அவள் இடுப்பில். அவசரத்துக்கென்று அவளுடைய கைப்பையில் இரண்டு துண்டு இருக்கிறது. பக்கத்திலேயே மைத்துனர் அனுப்பிய சீனி பார்க்கிற மெசினும் இருக்கிறது. அந்த மனிதன் செய்த ஒரே உருப்படியான உதவி எனக்கு எதிராகவே முடிந்தது.

போன கிழமை படகில், எனக்கு வேர்க்கிறது, கை நடுங்குகிறது என்றேன். விரலில் குத்திப் பார்த்தாள். 178.

"வெயில்" என்றாள்.