ஆள் பிடித்தால் போர் ஜெயிக்குமா?

கேள்வி: கட்டாய ராணுவ சேவை வந்துவிட்டால் எந்தப் போரையும் ஜெயிக்கலாம் என்கிறாரே என் நண்பர்?
– ஒரு வாசகர், வேதாரண்யம்

பதில்: ஆளைப் பிடிக்கலாம், வெற்றியைப் பிடிக்க முடியாது. உங்கள் கோடியக்கரைக்கு எதிர்க்கரையான இலங்கையிலேயே சாட்சி இருக்கிறது. 1987-ல் யாழ்ப்பாணம் போன இந்திய அமைதிப் படையில் எல்லோரும் விரும்பிச் சேர்ந்தவர்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரைக் கொடுத்தார்கள். வீரத்தில் என்ன குறை? விடுதலைப் புலிகளோடு எதற்காகச் சண்டை, எதோடு நிறுத்துவது என்பதை டெல்லிதான் தெளிவாகச் சொல்லவில்லை. படையை அழைத்த கொழும்பே 1989-ல் வெளியேறச் சொன்னது. 1990 மார்ச்சில் திரும்பினார்கள். வரவேற்க அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதி போகவில்லை.

கட்டாயமாக ஆள் பிடித்த கதையும் அங்கேயே உண்டு. இந்தியப் படை கிளம்புமுன் அங்கே ‘தமிழ்த் தேசிய ராணுவம்’ என்று ஒன்று முளைத்தது. தெருவில் போன பையன்களை எல்லாம் பிடித்துப் போய்த் துப்பாக்கியைத் திணித்தார்கள். பாவம், புலிகள் முன்னால் அது நிற்கவே இல்லை. பின்னாளில் அதே புலிகளும் வீட்டுக்கு ஒருவர் என்று பிடித்தார்கள். வன்னியில் பிள்ளையைக் காப்பாற்ற அவசர அவசரமாகக் கல்யாணம் செய்துவைத்த பெற்றோர் எத்தனையோ பேர். அப்படிப் பிடித்தும் 2009 மே மாதத் தோல்வியைத் தடுக்க முடியவில்லை. செத்தவர்களில் பிடித்துக்கொண்டுபோன பிள்ளைகளும் உண்டு. உங்கள் நண்பரிடம் இதைத்தான் முதலில் சொல்வேன்.