திறவுகோல் காரியதரிசி

ஆகாயம் எல்லோருக்கும் பொது என்பதில் ஆட்சேபணை ஒன்றுமில்லை. ஆனால் அதைப் பார்ப்பதற்கென்று சிலர் கூடிச் சங்கம் அமைத்து, சந்தா வசூலித்து, மொட்டை மாடியில் தகரக் கொட்டகை எழுப்பி, எட்டங்குலக் கண்ணாடி பொருத்திய தொலைநோக்கி ஒன்றை அதனுள்ளே பிரதிஷ்டை செய்த மறுகணமே, அந்தப் பொதுச்சொத்தின் சாவி ஒரே ஒரு மனிதரின் இடுப்பில் போய்த் தொங்க ஆரம்பித்துவிடுகிறது. அவருக்குத்தான் கௌரவக் காரியதரிசி என்று பெயர்.

பம்பாயில் இவர் மாதுங்காவிலோ செம்பூரிலோ வசிப்பார். 1977-இல் வொர்லியில் நேரு கோளரங்கம் திறந்தபோது போய்ப் பார்த்துச் சொக்கி, 1986-இல் ஹாலி வால்நட்சத்திரத்துக்காகக் கண் விழித்து, மங்கலான ஒரு புகைத்திட்டைத் தவிர வேறொன்றும் காணாமல் ஏமாந்து, அந்த ஏமாற்றத்தினாலேயே வானசாஸ்திரத்துக்கு ஆயுட்கால அடிமையானவர். ஹாலியின் வரவையொட்டிப் பிறந்த ககோல் மண்டள் என்ற வானசாஸ்திரக் குழுவின் அன்பர்கள் விவேகிகள். நகரத்து வெளிச்சத்தோடு மல்லுக்கு நிற்பது வீண் என்று கண்டு, கர்ஜத் பாதையில் ரயிலேறி, பத்லாப்பூருக்கு அப்பாலுள்ள வாங்கணியில் இரவெல்லாம் நட்சத்திரம் பார்த்துவிட்டு விடிந்ததும் வீடு திரும்புவார்கள். நம் காரியதரிசியோ கொட்டகையை விட்டு ஓர் இரவும் அகலமாட்டார். தாம் இல்லாத சமயம் யாராவது தொலைநோக்கியைத் தொட்டுவிட்டால் என்ன ஆவது?

பம்பாய் 19 பாகை வடக்கே இருப்பதால், துருவ நட்சத்திரமும் அடிவானத்துக்கு மேல் 19 பாகை உயரத்தில்தான் நிற்கிறது. தொலைநோக்கியின் அச்சு வானத்தின் துருவத்தை நோக்கியிருந்தால்தான் நட்சத்திரங்களின் நகர்வை அது பிசகாமல் பின்தொடரும். அந்தத் திசையிலோ முப்பது மாடிக் கட்டடம் ஒன்று முளைத்துவிட்டது. ஆகவே அதன் பதினேழாம் மாடியில் எரியும் ஒரு குளியலறை விளக்கையே துருவனாகப் பாவித்து அச்சைத் திருப்பி வைத்திருக்கும் காரியதரிசி, அந்த வீட்டார் ஊருக்குப் போயிருக்கும் நாட்களில் மிகுந்த விசனத்துக்கு உள்ளாகிறார்.

மாடிப்படிக் குழல்விளக்கை அணைக்கும்படி அந்தக் கட்டடத்துக் குடியிருப்போர் சொஸைட்டித் தலைவருக்கு அவர் எழுதிய விண்ணப்பம் பிரசித்தி பெற்றது. 1826-இல் கொலாபாவில் ஏற்பட்ட ஆராய்ச்சி நிலையத்தின் காந்தக் கருவிகளை மின்சார டிராம் கலக்கிவிடுமே என்று அஞ்சி, வெள்ளைக்காரச் சர்க்காரே அந்த ஆராய்ச்சியை 1904-இல் அலிபாகுக்குக் கொண்டுபோயிற்றே, தங்களால் ஒரு விளக்கை அணைக்க முடியாதா என்று அதில் கேட்டிருந்தார். தாங்களும் தாராளமாக அலிபாகுக்குப் போகலாம் என்று தலைவர் ஒரே வரியில் பதில் எழுதினார்.

ஆனியிலிருந்து புரட்டாசி வரை மழைமேகம் மூடியிருக்கும் காலத்தை மற்ற அங்கத்தினர்கள் சாபம் என்பார்கள். அவருக்கோ அதுவே வசந்தம். லென்ஸில் பூசணம் பிடிக்காமலிருக்கப் பெட்டிக்குள் இடும் சிலிக்கா ஜெல் மணிகள், ஈரம் குடித்து நீலத்திலிருந்து ரோஜா நிறத்துக்கு மாறியதும், அதற்கென்றே ஒதுக்கப்பட்ட வாணலியில் இட்டுப் பக்குவமாக வறுத்து மீண்டும் நீலமாக்குவார். பெரிய கண்ணாடியின் மேலுள்ள அலுமினியப் பூச்சு ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு கனமே உடையது; அதைத் துணியால் துடைக்க முனைந்த பொருளாளரோடு இன்றுவரை அவருக்குப் பேச்சுவார்த்தை கிடையாது.

கல்யாணத்துக்குப் போனாலும் வாய் சும்மா இராது. வைகாசி முகூர்த்தத்தில், காலை பத்து மணிக்கு, மண்டபத்து மின்விசிறியைக் காட்டி அருந்ததி பார்க்கச் சொன்ன புரோகிதரிடம், இந்த நேரத்தில் வசிஷ்டரும் அருந்ததியும் வடக்கு அடிவானத்துக்குக் கீழே இருப்பதால் தரையைக் காட்டுவதே சாஸ்திர சம்மதம் என்று எடுத்துரைத்து, இரு வீட்டாரின் அதிருப்தியையும் ஒருங்கே சம்பாதித்தவர் அவர்.

மழை ஓய்ந்து கொட்டகை திறந்தால் ஜனங்கள் வருவார்கள். வந்தால் சனியைத்தான் கேட்பார்கள். 2025-இல் அந்தக் கிரகத்தின் வளையம் நமக்கு விளிம்பைக் காட்டி ஊசிபோல் மெலிந்திருந்தபோது, மாதுங்கா மாமி ஒருத்தி கண்ணை எடுத்துவிட்டு, "வளையத்தை அடகு வெச்சுட்டேளா, மாமா?" என்று கேட்டாள். "பதினஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவை இப்படித்தான், மாமி. ரெண்டு வருஷம் கழிச்சு வாங்கோ, மீட்டு வெச்சிருப்பேன்" என்றார் காரியதரிசி.

இத்தனை பேருக்கு வானத்தைக் காட்டுகிறவர் தாம் அதைப் பார்ப்பதில்லை என்பதுதான் வேடிக்கை. ஒருவர் குனிந்து பார்க்கையில், அவர் சட்டைப் பித்தான் குழாயில் உரசுகிறதா என்பதிலேயே இவர் கவனம் முழுதும் லயித்திருக்கும். தாராவி தொண்ணூறடிச் சாலையிலிருந்து பள்ளிப் பிள்ளைகள் வந்த அன்று, மற்றவர்களெல்லாம் வியாழனுக்கு வரிசையில் நிற்க, பட்டறைக்காரர் மகன் ஒருவன் மட்டும் கொட்டகைக் கூரை சக்கரங்களில் நகரும் சத்தத்தைக் காதுகொடுத்துக் கேட்டு, "ஸார், மூணாவது சக்கரத்துல பேரிங் போயிருக்கு" என்றான். வருஷக்கணக்கில் எவர் வாயிலிருந்தும் வராத அந்த வாக்கியத்தைக் கேட்டுப் புளகாங்கிதம் அடைந்த காரியதரிசி, சந்தா இல்லாத ஆயுள் அங்கத்தினராக அவன் பெயரை அப்போதே பதிவேட்டில் எழுதிவிட்டார்.

ஆடி மாதத்து வருடாந்தரக் கூட்டத்தில் தவறாமல் ராஜிநாமா செய்வார். சபை ஸ்தம்பித்துப் போகும். வாணலி, மழைக்குப் போர்த்தும் தார்ப்பாய், கொட்டகையில் அடையும் புறாக்கள், சொஸைட்டித் தலைவர் ஆகிய சகலமும் ஒவ்வோர் அங்கத்தினர் மனக்கண்ணிலும் வரிசையாக வந்து நிற்க, அவரே நீடிக்க வேண்டும் என்ற தீர்மானம், பொருளாளர் முன்மொழிய, ஏகமனதாக நிறைவேறும். அவரும் மிகுந்த தயக்கத்தோடு இணங்கி, அடுத்த விஷயமாகப் புதிய தார்ப்பாய் வாங்குவதைப் பற்றிப் பேசத் தொடங்குவார். அதற்கு மூன்று கடைகளில் விசாரித்த விலைகளை, ராஜிநாமாக் கடிதத்தின் பின்பக்கத்தில் முன்கூட்டியே குறித்து வைத்திருப்பார்.