மூக்குத் தேஞ்ச மரப்பாச்சி

வாப்பா பேராண்டி. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுல ஒரு சோடி மரப்பாச்சி வாங்கியாந்து கண்ணாடிப் பொட்டியில பூட்டிட்டியாமுல்ல? ரொம்பச் சரி. மழை, வெயிலு, ஒம் மக, மூணும் அண்டக்கூடாத சாமானாச்சே! சேதுபதி 1687ல கட்டுன நம்ம திருமயம் கோட்டையக்கூட பகல்ல தொறந்துதான் வைக்கிறாக. ஒம் பொம்மைக்கு ராப்பகலாப் பூட்டு.

கடைக்காரரு என்ன சொன்னாரு? "மூக்கு தேஞ்சிருக்கு பாருங்க, அசல் பழசு"ன்னாரா? தேச்சது யாருன்னு கேட்டியா? எந்த வீட்டுப் புள்ளையோ இடுப்புல தூக்கி, குளுப்பாட்டி, பல்லு மொளைக்கையில கடிச்சும் வச்சிருக்கும். செஞ்சந்தனமாச்சா, ஆத்தாமாரு வேற வீக்கத்துக்குப் பத்துப்போட கல்லுல உரசி, முதுகக் கொஞ்சம் கொறச்சிருப்பாக. ஆக, இருக்குற மரத்துக்கு வெல கம்மி, இல்லாத மரத்துக்கு வெல சாஸ்தி. படிச்ச புள்ள நீ, கணக்குச் சரியாத்தான் இருக்கும்.

"ராசா வீட்டுப் பொம்மை"ன்னும் சொல்லியிருப்பாரே! கடைக்கு வந்துட்டா எல்லா மூக்கும் அரமணை மூக்குதான். நம்ம தொண்டைமான் அரமணையில நவராத்திரின்னா சனத்துக்கு அரிசியும் அம்மன் காசும் குடுத்தாக. செம்புக் காசு, ஒரு பக்கம் பிரகதாம்பா இருப்பா. நீ என்ன குடுப்ப? கொலுப்படியில சோடிய நிறுத்தி, "தொடாதே"ன்னு சீட்டு ஒட்டி, செல்பி எடுத்து அனுப்புவ.

ராசா வீட்டு வழக்கந்தான் வேணும்னா கேட்டுக்க. சீமை ராணி விக்டோரியா பதினாலு வயசு நெருங்குற மட்டும் மரப்பொம்மைதான் வச்சு வெளையாண்டுச்சாம். ஒண்ணு ரெண்டு இல்ல, 132. எல்லாம் சந்தையில விக்கிற சல்லிசான சாமான், சாணு ஒசரங்கூட இருக்காது. அதுகளுக்கு உடுப்புத் தச்சது அந்தப் புள்ளையும் வளத்த டீச்சரம்மா லேசனும். 32 பொம்மைக்குப் புள்ள தங்கையாலயே தச்சிருக்கு. நாடகக்காரி, ஆட்டக்காரி, அரமணைச் சீமாட்டின்னு ஆளுக்கொரு வேசம். பேரெல்லாம் நோட்டுல எழுதி வேற வச்சிருந்துச்சு. அப்பறம் 1837ல, 18 வயசுல பட்டத்துக்கு வந்துருச்சு. "வெளையாண்டா மார்க்கு கொறையும்"னு ஒம் பொண்டாட்டி சொல்றாளே, அவகிட்ட இத நைசாப் போட்டு வையி.

அதுக்காகப் பொட்டியத் தொறந்து குடுன்னா சொல்றேன்? லாபத்துக்குச் சொல்றேன். கண்ணாடிக்குள்ள கெடந்தா இன்னும் நூறு வருசமானாலும் மூக்குத் தேயாது, வெல ஏறாது. ஒம் மக கையில குடுத்தா மூக்கோட காதும் சேந்து தேஞ்சிரும். ஒம் பேரன் அத அதே தெருவுக்குக் கொண்டுபோயி, இன்னொரு படிச்ச புள்ள தலையில ரெட்டிப்பு வெலைக்குக் கட்டிருவான்.

பொம்மைக்குச் சேல வேணுமா? பீரோவுல பட்டு ரவிக்கத் துண்டு கெடக்கும், கேக்காம வெட்டிரு. நாஞ்சொன்னேன்னு மட்டும் சொல்லிராத.