ஓரத்து நாற்காலிக்காரர்

சென்னை சபா நாடகங்களுக்குப் போகிறவர்களுக்கு இவருடைய முகம் ஞாபகம் இருக்காது. முதுகு கட்டாயம் ஞாபகம் இருக்கும். மேடையில் அப்பா கதாபாத்திரம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருக்கும் பிள்ளைக்கு உபதேசம் ஆரம்பிக்கிற சமயத்தில், அப்பாவின் காலுக்கும் உங்கள் கண்ணுக்கும் நடுவே ஒரு கதர் ஜிப்பா குனிந்தபடி நகர்ந்து போகும். அவர்தான்.

நாடகம் பிடிக்காத ஆசாமி என்று நினைத்துவிடாதீர்கள். பிடிக்காதவன் வீட்டில் டி.வி. பார்த்துக்கொண்டு கிடப்பான். இவர் மயிலாப்பூரில் ஒன்று, தி.நகரில் ஒன்று என்று சபாக்களில் வருஷ சந்தா கட்டிய மெம்பர். மாத நிகழ்ச்சி எதையும் விடமாட்டார். எதிலும் கடைசிவரை இருக்கவும் மாட்டார்.

வருஷ சந்தாதான் இந்த வியாதிக்கு மூலகாரணம் என்பது என் அபிப்பிராயம். ஐந்நூறு ரூபாய் டிக்கெட் வாங்கி வந்தவன், நாடகம் எவ்வளவு கொடுமையாக இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காருவான். போட்ட பணத்தைக் கஷ்டப்பட்டாவது வசூலிக்க வேண்டுமே! மெம்பருக்கு அந்தத் தளை கிடையாது. ஓசி பாஸில் வந்தவனோ முதல் காட்சியிலேயே கடிகாரம் பார்ப்பான்.

நம்மவருடைய வேலை நாடகம் ஆரம்பிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. ஏழு மணி நாடகத்துக்கு ஆறரைக்கே வந்து, நடைபாதையை ஒட்டிய ஓரத்து நாற்காலியைப் பிடிப்பார். அதுவும் முன்பக்கத்தில். கடைசி வரிசையில் உட்கார்ந்து நழுவுவது கோழைத்தனம் என்பது அவர் கட்சி. எழுந்து போகும்போது யாருக்கும் தெரியக்கூடாது. எழுந்து போய்விட்டது எல்லாருக்கும் தெரிய வேண்டும். இந்த இரண்டையும் ஒரே ஆள் சாதிப்பது லேசான காரியமா?

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால்தான் அந்த நேர்த்தி புரியும். முதலில் வலது கால் கட்டைவிரல் நாற்காலிக்கு அடியில் செருப்பைத் தேடும். கண் மேடையில்தான் இருக்கும், முகத்தில் ரசனை கொஞ்சமும் குறைந்திருக்காது. செருப்பு அகப்பட்டதும் ஜிப்பாவின் நுனியை நாற்காலிக் கைப்பிடியிலிருந்து விடுவிப்பார். அடுத்ததுதான் கண்டம். இந்த மடக்கு நாற்காலிகள் ஆள் எழுந்ததும் படாரென்று மேலே அடித்துக்கொள்ளும். அதனால் எழும்போதே இடது கையைப் பின்னால் கொண்டுபோய் இருக்கையை அமுக்கிப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அங்குலமாக உயரவிடுவார். தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் இறக்குகிற தாயிடம்கூட அவ்வளவு பதமான கையை நான் பார்த்ததில்லை. பிறகு காட்சி மாற்றத்துக்காக விளக்கு அணையக் காத்திருப்பார். அணைந்ததா, ஆள் பாதி தூரம்.

சில குழுக்கள் அநியாயத்துக்குச் சீக்கிரமாக சோபாவை நகர்த்திவிடுகின்றன. விளக்கு வந்துவிடும். அவர் நடைபாதையின் நடுவில் அகப்பட்டுக்கொள்வார். உடனே குனிந்து எதையோ தேடுவார். பின்வரிசைக்காரர் ஒருவர் நல்ல மனசோடு செல்போன் டார்ச்சை அடித்து உதவிக்கு வந்து, இரண்டு பேருமாகத் தேடிக்கொண்டிருந்ததைக் கண்ணால் பார்த்தேன்.

நல்லவேளை, அவர் ஆர்.எஸ்.மனோகரின் நேஷனல் தியேட்டர்ஸ் காலத்தில் இந்தத் தொழிலைச் செய்யவில்லை. ‘இலங்கேஸ்வரன்’ மாதிரி நாடகங்களில் கண் மூடித் திறப்பதற்குள் காட்சி மாறிவிடும் என்று பெயர். இவர் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் அரண்மனை காடாகியிருக்கும். கிரேஸி மோகன் 1979-இல் தொடங்கிய கிரேஸி கிரியேஷன்ஸ் நாடகங்களில் இன்னொரு தினுசு ஆபத்து. ஒரு ஜோக்குக்குச் சிரித்து முடிக்குமுன் அடுத்தது விழும். நடுவில் எழுந்தால் சபையே தன்னைப் பார்த்துச் சிரிக்கிற மாதிரி இருக்கும். அந்த நாடகங்களை மட்டும் அவர் முழுக்கப் பார்த்திருக்கிறார்.

அவருடைய மனைவிக்கும் இந்தச் சித்திரத்தில் இடம் உண்டு. அந்த அம்மாள் ஆரம்பித்ததை முடிக்கிற ஜாதி.

“ஏன்னா, இன்னும் அரை மணிதானே?”

“அந்த அரை மணியைத்தான் சொல்றேன்.”

“கல்யாணம் நடக்கறதா இல்லையான்னு பாத்துட்டு வரேன். நீங்க போய் ஸ்கூட்டர்கிட்ட நில்லுங்கோ.”

ஆக, அவசரமாக வெளியேறியவர் எங்கேயும் போவதில்லை. ஸ்கூட்டருக்குப் பக்கத்தில் கொசுக்கடியில் முக்கால் மணி நேரம் நிற்கிறார். உள்ளே மின்விசிறிக்கு அடியில் மெத்தை நாற்காலி காலியாக இருக்கிறது. கேட்டால், கொசுவுக்கு வசனம் கிடையாது என்பார்.

வாசலைத் தாண்டுவதற்குள் இன்னொரு சோதனை. நாடகத்தை எழுதியவர் பெரும்பாலும் கதவருகேதான் கையைப் பிசைந்துகொண்டு நிற்பார். மாட்டிக்கொண்டால் நம்மவர் அசரமாட்டார். இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, “பிரமாதம் சார்! அந்த அப்பா கேரக்டர் இருக்கே... மனசைப் பிசைஞ்சுடுத்து. அவசரமா ஒரு போன்...” என்று காதில் செல்போனை வைத்துக்கொள்வார். செல்போன் வந்தபிறகு இந்த ஜாதிக்கே ஒரு கௌரவம் வந்துவிட்டது. முன்பெல்லாம் கடைசி பஸ் ஒன்றுதான் சாக்கு. இந்த இடத்தில்தான் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போவதில்லை. அவருடைய கால் சத்தியம் பேசுகிறது, வாய் கெடுத்துவிடுகிறது. அந்த எழுத்தாளர் வீட்டுக்குப் போய், உபதேசத்தை இன்னும் இரண்டு பக்கம் நீட்டுவார்.

கச்சேரியில் இந்தக் கஷ்டமே இல்லை, கவனித்தீர்களா? டிசம்பர் சீஸனில் தனி ஆவர்த்தனம் ஆரம்பித்தால் பாதி சபை கேன்டீனுக்குக் கிளம்பும். மிருதங்கக்காரருக்கு வருத்தம் இருக்கும், ஆச்சரியம் இருக்காது. நாடகத்துக்கு அப்படி ஒரு சம்பிரதாயம் ஏற்படவில்லை. உபதேசக் காட்சியை அதற்கென்று அறிவித்துவிடலாம் என்பது நம்மவரின் நெடுநாள் யோசனை.

மதுரை, புதுக்கோட்டைப் பக்கம் கோயில் திருவிழாவில் போடும் ஸ்பெஷல் நாடகத்தில் இந்தப் பிரச்சினை எழவே எழாது. ‘வள்ளி திருமணம்’ ராத்திரி தொடங்கி விடியவிடிய நடக்கும். ஜனங்கள் பாயும் போர்வையுமாக வந்துவிடுவார்கள். பபூன் பேச்சுக்குச் சிரிப்பார்கள், அலுத்தால் அங்கேயே சுருண்டு படுப்பார்கள், முருகனும் வள்ளியும் தர்க்கம் ஆரம்பித்தால் பக்கத்துப் பாய்க்காரர் தட்டி எழுப்புவார். நடிகரும் கோபித்துக்கொள்வதில்லை. மனிதனை ஆறு மணிக்கு மேல் வரிசையாக நாற்காலியில் உட்காரவைத்து, விளக்கை அணைத்து, அசையாதே என்றோம் பாருங்கள், அன்றைக்குப் பிறந்தவர் நம்மவர்.

நவீன நாடகத்துக்கும் அவர் ஒரு காலத்தில் போய்ப் பார்த்தார். எழும்பூர் மியூசியம் தியேட்டர் வட்டமாக வளைந்த அரங்கம். எந்த மூலையிலிருந்து கிளம்பினாலும் எதிர்ப்பக்கத்து ஜனம் பூராவும் பார்க்கும். அதைக்கூடச் சமாளித்தார். நடிகர்களைச் சுற்றித் தரையில் உட்காரவைத்த ஒரு நாடகத்தில்தான் வகையாக மாட்டினார். வெளியே போக ஒரே வழி நடிக்கிற இடத்தின் குறுக்கே. அரை மணி நேரம் பொறுத்துப்பார்த்துவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெதுவாக நடந்தார். கதவை எட்டுவதற்குள் பின்னால் கைத்தட்டல். வெளியே வந்த ஒரு கல்லூரிப் பையன், “அந்தச் செருப்பு எதோட குறியீடு சார்?” என்று கேட்டிருக்கிறான். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

மேடையில் இருப்பவர்கள் பக்கத்தையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். முகத்தில் விளக்கு அடிப்பதால் நடிகருக்குப் பார்வையாளர்கள் சரியாகத் தெரியமாட்டார்கள். கதவு திறக்கும்போது உள்ளே விழும் வெளிச்சம் மட்டும் நன்றாகத் தெரியும். ஒரு வெளிச்சம் என்றால் ஓர் ஆள் குறைந்தார் என்று கணக்கு. அவர்கள் பெரும்பாலும் ஆபீஸ் முடிந்து ஒத்திகைக்கு ஓடிவருகிற அமெச்சூர்கள். 1952-இல் தொடங்கிய யு.ஏ.ஏ. (யுனைடெட் அமெச்சூர் ஆர்ட்டிஸ்ட்ஸ்) குழு பெயரிலேயே அந்த வார்த்தையை வைத்துக்கொண்டிருக்கிறது. கைக்காசைப் போட்டு, செட்டுக்கும் மைக்குக்கும் கொடுத்துவிட்டு, வசனம் படுத்துவிட்டது என்று தெரிந்தும் நின்று பேசியாக வேண்டும். அரங்கத்தில் எழுந்து போக எல்லாரையும்விட அதிகமாக ஆசைப்படுகிறவர் அந்த அப்பா வேஷக்காரராகத்தான் இருப்பார். அவருக்கு ஓரத்து நாற்காலி இல்லை.

அடுத்தபடி பாவம், கோடை நாடக விழாவின் நடுவர்கள். வெயில் காலத்தில் புதுப்புது நாடகமாக, கையில் நோட்டும் பேனாவுமாகக் கடைசி நமஸ்காரம்வரை உட்கார்ந்தாக வேண்டும். அவர்களைத் தாண்டிப் போகும்போது மட்டும் நம்மவர் லேசாகத் தலை குனிந்து மரியாதை செய்வார்.

மொத்தத்தில் நான் அவர் கட்சிதான். உட்கார்ந்தபடியே குறட்டை விடுகிறவர், மடியில் வாட்ஸ்அப் வெளிச்சத்தைப் பரப்புகிறவர், எதற்கென்று தெரியாமல் முதலில் கைதட்டுகிறவர் என்று கடைசிவரை இருக்கிற மகாஜனங்களையும் பார்த்துக்கொண்டுதானே இருக்கிறோம்? ஒரே ஒரு தொந்தரவு, அவர் எழுந்து போனதோடு விடுவதில்லை. மறுநாள் காலை நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடைக்கு வரும் நண்பர்களுக்கு முழுக் கதையும் சொல்லியாக வேண்டும். பார்க்காத பாதியை அவரே கட்டிவிடுவார்.

இந்த ஞாயிறு நாடகத்தையும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பாவுக்கு மாரடைப்பு, பிள்ளை விசாவைக் கிழித்துப் போட்டுவிட்டு அழுகிறான், திரை.

கூட நடந்தவர் பாவம், முழுசாகப் பார்த்தவர். “இல்லையே சார்... அப்பாவையும் அழைச்சுண்டு பிள்ளை அமெரிக்காவுக்கே போயிடறான்னுதானே முடிச்சா?” என்று இழுத்தார்.

நம்மவர் நின்றுவிட்டார்.

“அதெப்படி சார்? அப்படி முடிச்சிருந்தா நான் பாதியிலேயே எழுந்து வந்திருப்பேனே!”